வேலியில் வெட்டிய கிணறு

என் அம்மா செபஸ்தியம்மா ஐம்பத்திரண்டு வயதில் படிக்கப் போனார். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு. சனிக்கிழமைகளில், மன்னார் நகரில், ஒரு பெண்கள் நிலையத்தின் மேல்மாடியில். பாடத்தின் பெயர் ‘பெண்ணிய நோக்கில் அறமும் தலைமைத்துவமும்’.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, 2010இல் திரும்பிப் பேசாலைக்கு அப்பால் மணலில் குடியேறினோம். பதினொரு குடும்பங்கள். மாதர் சங்கத்துக்குத் தலைவி தெரிவு நடந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை. போகாதவரையே தெரிவு செய்துவிட்டார்கள்.

“வராத குற்றத்துக்குத் தலைவியாக்கிப் போட்டாளவை” என்றார். “தலைவி எண்டா என்ன செய்யிறது எண்டு ஆராவது சொல்லித் தரட்டும்.” இரண்டு வருடம் கழித்து அந்த வகுப்பு வந்தது. போனார்.

நான் முகாமிலிருந்தே பொலிரெக்னிக்கில் படித்தவள். நீர் வழங்கல் வேலை. எனக்கு அறம் தெரியாது, கிணறு தெரியும்.

மூன்றாவது வகுப்பில் யசோதா மிஸ் ஒரு கேள்வி கொடுத்தாராம். கடலில் ஒரு வள்ளம். பாரம் கூடிவிட்டது. ஒருவரை இறக்கினால்தான் மற்றவர்கள் தப்பலாம். யாரை இறக்குவீர்கள்?

அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேர் உண்மையாகவே வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர்கள். முதலில் பேசியது அம்மாவின் தோழி றோசம்மா.

“ஓட்டியை இறக்குங்கோ மிஸ். அவன்தானே அளவில்லாமல் ஏத்தினவன்.”

“அப்ப ஆர் ஓட்டுறது?”

“நான் ஓட்டுவன். என்ரை மனுசனையே இருபது வருசம் ஓட்டினனான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “கேள்வி பிழை மிஸ்” என்று எழுந்து சொன்னது இது.

1990. நான் மூன்று வயதுப் பிள்ளை, அம்மாவின் மடியில். வள்ளத்தில் ஒரு பெண் தையல் மெசினின் தலையைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். நடுக்கடலில் தண்ணீர் ஏறியது. மெசினைப் போடு, இல்லாவிட்டால் இறங்கு என்றான் ஓட்டி. போடு போடு என்று எல்லோரும் கத்தினார்கள். அம்மாவும் கத்தினார். அந்தப் பெண் ஒரு மணல் திட்டில் மெசினோடு இறங்கினாள். வள்ளம் போய்விட்டது.

“ஏன் அதை விடமாட்டாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை மிஸ். நான் பக்கத்திலை இருந்தனான். பேர்கூடக் கேக்கேல்லை. ஆரை இறக்கிறது எண்டு பாக்க முதல், இருக்கிறவையிட்டை எல்லோ கேக்கவேணும்.”

இதை எனக்குச் சொன்னவர் றோசம்மா, அம்மாவின் செத்தவீட்டில். அம்மா என்னிடம் அந்த வள்ளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

அம்மா வகுப்புக்குப் போன அதே வருடம் ஓர் உதவி நிறுவனம் எங்கள் குடியிருப்புக்குப் பத்துக் கிணறுகள் தந்தது. குடும்பங்கள் பதினொன்று. வெள்ளிக்கிழமைக்குள் அம்மா பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். நான் ஓர் அட்டவணை போட்டேன். பிள்ளைகளுக்கு இத்தனை புள்ளி, முதியவர்களுக்கு இத்தனை, நோயாளிக்கு இத்தனை. பட்டியலில் கடைசியாக வந்தவர் பூமணி. மலையகத்திலிருந்து எழுபத்தேழில் மன்னாருக்கு வந்தவர். கருவாட்டு வாடியில் கூலி வேலை. தனி ஆள்.

அம்மா தாளைப் பார்த்தார்.

“பூமணியிட்டைக் கேட்டனியோ?”

“என்னத்தைக் கேக்கிறது? புள்ளி குறைவு.”

“அப்ப வா, கேட்டிட்டு வருவம்.”

பூமணி எங்களைக் கதிரையில் இருத்திவிட்டு நின்றபடியே பேசினார்.

“எனக்கு ரெண்டு வாளி போதும் அக்கா. முழுக் கிணத்த வச்சு நான் என்ன செய்ய? ஆனா இன்னொருத்தர் வாசல்ல வாளியோட போய் நிக்க மாட்டேன். தோட்டத்து லயத்தில பீலித் தண்ணிக்கு வரிசையில நின்னு பேச்சு வாங்கினது போதும்.”

வரும் வழியில் அம்மா பூமணியின் வேலியருகே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் றஞ்சிதத்தின் வளவு. நாலு பிள்ளைகள், என் பட்டியலில் முதலிடம்.

“கிணத்தை வேலியிலை வெட்டினா என்ன?”

“பங்குக் கிணறு எண்டா கோட்டு வழக்கிலைதான் போய் முடியும் அம்மா” என்றேன்.

றஞ்சிதமும் லேசில் இசையவில்லை. “செபஸ்தியக்கா, எனக்குக் கிடைச்சதிலை பாதியை எடுக்கிறியள்.”

“ஓம், எடுக்கிறன். அதுதான் உன்னட்டை முதல் கேக்க வந்தனான். ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லு.”

றஞ்சிதம் வேலிக்கு அப்பால் நின்ற முருங்கையைக் காட்டினார். “என்ரை நாலும் அவவின்ரை முருங்கையிலை ஏறினா அவ கத்தப்படாது.”

“கத்துவா. நீயும் கத்து. தண்ணி அள்ளேக்கை மட்டும் கத்தாதேங்கோ.”

நான் வரைந்தேன். வேலி கிணற்றுக் கட்டோடு வந்து நின்று, மறுபுறம் தொடரும். இரண்டு கப்பிகள், இரண்டு கயிறுகள். அவரவர் தம் வளவில் நின்று அள்ளலாம். நிறுவனத்துக்கு ஒரு காரணம் எழுதினேன்: தீவின் மணலில் நன்னீர் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கும், அருகருகே இரண்டு கிணறு வெட்டினால் உப்பு ஏறும். அது உண்மை. அதற்காக வெட்டவில்லை.

வகுப்பு முடிவில் எழுதிக் கொடுக்கும் ஒப்படையில் அம்மா அந்தக் கிணற்றைத்தான் எழுதினார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் புள்ளி கிடைத்தது.

“புள்ளி குறைவு” என்று பகிடி பண்ணினேன்.

“புள்ளியைப் பாத்துத்தானே நீ பூமணியை விட்டனி” என்றார்.

இந்த மாசியில் அம்மா போய்விட்டார். இருதயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது. இரண்டு பக்கத்தாலும் அள்ளினார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் கிணற்றடிக்குப் போனேன். றஞ்சிதத்தின் கப்பி புதிது. பூமணியின் கப்பி அச்சுத் தேய்ந்து கிறீச்சிட்டது. எண்ணெய்ப் போத்தலையும் புதுக் கப்பியையும் கொண்டுபோயிருந்தேன். கிணற்றுக் கட்டின்மேல் ஏறிக் கப்பியில் கையை வைத்தவள் இறங்கினேன். பூமணி அடுப்படியில் நின்றார்.

“அக்கா, கப்பியை மாத்தட்டே?”

“வேணாம்மா” என்றார். “காலையில அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் எந்திரிச்சிட்டேன்னு றஞ்சிதத்துக்குத் தெரியும். கேக்கலைன்னா வேலியால எட்டிப் பாக்கும்.”

போத்தலை மூடினேன்.