ஒன்பதாம் நம்பர் டோக்கன்

டீனாவின் அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன் தன் பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். ஷிப்ட் முடிந்தும் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினால், ஒருத்தர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வரும்வரை அப்பாவின் செட்டில் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்களாம்.

சுரங்கம் மூடியாயிற்று, அப்பாவும் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது டீனாவுக்குப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரிலிருந்து தினம் ரயில் பயணம், அதனால் முதுகு வலி, வலிக்காக உள்ளூர் நீச்சல்குளம். விடியற்காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும்.

வெங்கடம்மாவை அங்கேதான் பார்த்தாள். ராபர்ட்சன்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் கோவிந்தராஜின் மனைவி, ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாள் மகனுடைய கிரிக்கெட் டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றார்.

"இன்னாக்கா, பஸ்ஸுலயா போறீங்க? கம்பிய விடுங்க."

"நீ சும்மா இரும்மா. பிரேக் போட்டா நான்தானே விழணும்?"

அப்படித் தொடங்கியது. இரண்டு மாதத்தில் டீனாவின் உள்ளங்கை பிடரியில் இருந்தால் வெங்கடம்மா மிதப்பார். கையை எடுத்தால் திட்டுவார். லாக்கருக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் டோக்கனை மாட்ட, குளத்துச் சுவரில் டீனா ஆணி அடித்தாள். "தண்ணியில எறங்கினா மாட்டணும், ஏறினா எடுக்கணும்" என்றாள். வெங்கடம்மா சிரித்துக்கொண்டே மாட்டினார்.

அந்தச் சனிக்கிழமை டீனா லேட்டாகவே கூடாது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தரம் லேட். இன்னொரு தரம் என்றால் வர வேண்டாம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். சீக்கிரமே உடை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு வெளியே வந்தாள்.

ஆணியில் வெங்கடம்மாவின் ஒன்பதாம் நம்பர் டோக்கன் தொங்கியது. கீழே அவருடைய செருப்பு. குளத்தில் யாருமில்லை. அன்று பிளீச்சிங் பவுடர் அதிகமாகி, தண்ணீர் அரிசி கழுவியதுபோல் கலங்கியிருந்தது. அடி தெரியவில்லை.

டீனா பையை வீசிவிட்டுக் குதித்தாள். கண் எரிய எரிய, தரையைக் கையால் துழாவிக்கொண்டே போனாள். மூச்சுக்கு மேலே வந்தாள், மறுபடி முங்கினாள். காவலுக்கு இருந்த ஈவ்லின் மோட்டார் அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"வெங்கடம்மாக்கா உள்ள கீறாங்க!"

ஈவ்லின் நீளக் கழியை எடுப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரைம்மா தேடற?"

வெறுங்காலோடு வெங்கடம்மா நின்றார். மண்டிக்கு லோடு வந்து, கோவிந்தராஜ் வெளியே லக்கேஜ் ஆட்டோவில் ஹாரன் அடித்தாராம். பதற்றத்தில் அப்படியே ஏறிவிட்டாராம். "பாதி வழியில டோக்கன் ஞாபகம் வந்துச்சு. நீ நின்னுனு இருப்பியேன்னு திருப்பச் சொன்னேன்."

டீனா படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நாலடிக்கு மேல நான் எங்கம்மா போறேன்?" என்றபடி வெங்கடம்மா அவள் தலையைத் துவட்டினார். தூரத்தில் ரயில் கூவிவிட்டுப் போனது.

"போச்சுக்கா. என் வேலை போச்சு."

"போவாது. பங்காருபேட்டையில கொஞ்ச நேரம் நிக்குமில்ல? ஏறு வண்டியில!"

நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, ஈவ்லினின் நைட்டிக்கு மேல் லேப் கோட்டை மாட்டிக்கொண்டு டீனா முன்னால் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் துவரம்பருப்பு மூட்டை மேலிருந்து வெங்கடம்மா, "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று புருஷனை விரட்டினார். கடைசிப் பெட்டியில் டீனா தொற்றி ஏறியபோது ரயில் நகரத் தொடங்கியிருந்தது. லேபில் எல்லோரும் நைட்டியைத்தான் பார்த்தார்கள், கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டீனா வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உடை மாற்றும் அறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"டீனாம்மா, ஒன்பது மேல வந்தாச்சு!"

ஊக்கை எடுத்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

அதன் பிறகு ஒரு நாளும் வெங்கடம்மா அந்தக் கதவைத் தட்டாமல் வீட்டுக்குப் போனதில்லை.