கக்கூஸ் கதவில் தொங்கிய அட்டை

முதலில் அதை பீட்ரூட் என்றுதான் நினைத்தேன். வெலிமடையிலிருந்து வரும் மரக்கறி லொறியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ வாங்கியிருந்தோம். பீட்ரூட் தின்றால் மலம் சிவப்பாகப் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) முப்பத்தொரு வருடமாக ஆயாவாக இருக்கிறேன். துணியை விரித்துப் பார்த்தே, பிள்ளை நேற்று என்ன தின்றது என்று சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை பீட்ரூட் தீர்ந்தது. அதற்கடுத்த புதன்கிழமையும் சிவப்பு நிற்கவில்லை.

மூலமாக இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். மிளகாயைக் குறைத்தேன், மோர் குடித்தேன், யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் பெரியக்காவும் இப்படித்தான் இருந்தாள். மடுல்சீமைக்கு மேலே உள்ள இதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஒன்றரை வருடம் இரத்தம் போனதை மறைத்து, எலும்பும் தோலுமான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெருங்குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். மூன்று மாதம்கூட இருக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "இதையெல்லாம் எப்புடிடி வெளிய சொல்றது?" என்றாள். எனக்கு அவள்மேல் இன்றைக்கும் கோபம்தான். அந்தக் கோபம்தான் என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு போனது.

பதுளையில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். அக்காவின் கதையைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொலனோஸ்கோபி (நுனியில் கமரா பொருத்திய மெல்லிய குழாயை மலவாசல் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும் என்றார். "பயப்பிடாதேங்கோ அம்மா. சோதினை எங்கட வேலை. வயித்தைக் கழுவிக்கொண்டு வாறதுதான் உங்கட வேலை. அதுதான் பெரிய வேலை."

இதை வாசிக்கும் உங்கள் கையிலும் இப்படியொரு திகதி எழுதிய துண்டு இருக்கலாம். அதனால் எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொல்கிறேன். உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கீரை, பழக்கொட்டை, தேங்காய்ப்பூ, சிவப்பரிசி எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, முட்டை, மீன் போதும். இரும்புச் சத்துக் குளிசை (மாத்திரை) குடிப்பவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சீனி வியாதிக்கோ, இரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மருந்து எடுத்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் சாப்பாடே இல்லை. தெளிந்த தண்ணீர் வகை மட்டும். பால் கலக்காத தேநீர் குடிக்கலாம் என்றதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. தேயிலை மலையில் பிறந்தவளுக்கு அது போதாதா?

பிறகு பேதி மருந்து. நான்கு பக்கெட் பவுடர், ஒவ்வொன்றும் ஒரு லீற்றர் தண்ணீரில். சிலருக்குப் பாதியை மறுநாள் காலையில் குடிக்கச் சொல்வார்களாம். எனக்கு விடிந்ததும் பஸ் பயணம் இருந்ததால், முந்தின நாளே மத்தியானம் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொன்னார்கள்.

முதல் தடவை நான் அதை முடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்) எட்டு வீடு. கக்கூஸ் மூன்று. அதில் கதவு ஒழுங்காகப் பூட்டுவது ஒன்றுதான், அதுவும் தண்ணீர்க் குழாயடியில் இருக்கிறது. குழாயடியில் எந்நேரமும் ஆள். இரண்டாவது லீற்றரில் மருந்து வேலையைக் காட்டத் தொடங்கியது. நான்காம் தடவை ஓடியபோது மலையிலிருந்து இறங்கிய ஆண்கள் அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். "என்னாங்க ஆயாம்மா, வயித்துக்கு முடியலையா?" என்று ஒருவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு உடம்பே கூசிப்போனது. வீட்டுக்குள் வந்து, மிச்சம் இரண்டு லீற்றரையும் பின்பக்கத்துச் சௌசௌக் கொடியின் அடியில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் கேட்டபோது முழுவதும் குடித்தேன் என்று டொக்டரிடம் துணிந்து சொன்னேன். அவரை ஏமாற்றினேன், கமராவை ஏமாற்ற முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாயை வெளியே எடுத்துவிட்டார். கோபிக்கவில்லை. "அம்மா, இப்பிடி இருந்தா உள்ளுக்கு ஒண்டும் தெரியாது. சின்னதா ஏதும் இருந்தா மறைஞ்சுபோகும். திரும்பச் செய்யத்தான் வேணும்" என்றார். நான்கு வாரம் தள்ளித் திகதி கிடைத்தது.

பதுளை பஸ் நிலையத்தில் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர்.

"கொடிக்கா ஊத்துனே?"

"ஆமாங்க."

"ஒங்க அக்கா மாதிரியே பண்றே."

மடுல்சீமை வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தொரு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குண்டி கழுவியவள் நான். பேதி, மலச்சிக்கல், பூச்சி எல்லாவற்றையும் தாய்மாரிடம் உரக்கக் கேட்டுப் பழகியவள். என்னுடையது என்று வந்ததும் வாயடைத்துப்போனேன். உயிர் போனாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது என்று அந்தக் கொடியடியில் நின்று நான் முடிவு செய்திருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை, பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம்) முன்பு தாய்மார் பிள்ளைகளை ஒப்படைக்க வந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருத்தியிடமும் "நேத்து ஒழுங்கா வெளிய போனானா?" என்று கேட்டேன். பிறகு என்னுடையதையும் சொன்னேன். இரத்தம் போவது, அக்காவுக்கு இருந்தது, மருந்தை ஊற்றியது எல்லாவற்றையும். ஒன்றையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு ராசம்மா இடுப்பில் பேரனோடு நின்றாள். லயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஏங்க ஆயாம்மா, எங்க புள்ளைங்க பீய நீங்க அள்ளலையா? ஒருநாளு கக்கூச விட்டுக்குடுக்க மாட்டோமா நாங்க? மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

அந்த இடத்திலேயே அழுதேன். வெட்கத்தில் அல்ல, என் ஆட்களை நினைத்துப் பெருமையில்.

இரண்டாவது தடவை லயமே ஆயத்தமானது. ஆண்களைக் கீழ் லயத்துக்குப் போகச் சொல்லி ராசம்மா உத்தரவு போட்டாள். காலையிலேயே ஆறு வாளி தண்ணீர் பிடித்துக் கக்கூஸ் வாசலில் வரிசையாக வைத்தார்கள். அக்காவின் மகள் தவமணி கடைசி வீட்டில் இருக்கிறாள், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, தன் அழகான கையெழுத்தில், "இன்று இந்தக் கக்கூஸ் ஆயாம்மாவுக்கு மட்டும்" என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டாள்.

மருந்து, சவர்க்காரத் தண்ணீரில் உப்புப் போட்ட மாதிரி இருக்கும். மெல்ல மெல்லக் குடித்தால் குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளாஸை ஒரே மூச்சில் குடித்து, பின்னாலேயே இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் ஒரு மிடறு குடியுங்கள். எரிச்சல் வருமுன்பே மலவாசலில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். குளிரும், கம்பளி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திப்பி எதுவும் இல்லாமல், இளஞ்சாயத் தேநீர் போல மஞ்சளாகத் தெளிந்து போக வேண்டும். ராசம்மா குழாயடியில் உட்கார்ந்து கணக்கு வைத்தாள். "பதினாறு!" என்று அவள் கூவியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்கு லீற்றரையும் முடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டார்கள். முழு மயக்கம் இல்லை, ஒருவிதமான சொக்கல். இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடித்துக்கொண்டேன். வயிறு ஊதியது போலிருந்தது, குடலின் இரண்டு திருப்பத்தில் வலித்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தேன். ஈரம் மினுங்கும் ரோஜா நிறத்தில் ஒரு குகை. "நல்ல கிளீனா இருக்கு அம்மா. எல்லாம் வடிவாத் தெரியுது" என்றார் டொக்டர். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. இது என் குடல், என் லயமே சேர்ந்து கழுவியது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், நாக்குப் புரளவில்லை.

இரண்டு பொலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறிய சதை மொட்டு) இருந்தன. அங்கேயே வெட்டியெடுத்து பயொப்சிக்கு (சதைத் துணுக்கை ஆய்வுகூடத்தில் பார்ப்பது) அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த மூன்று வாரமும் நான் நானாக இல்லை. தொட்டிலை ஆட்டும்போது கை தானாக ஆடிக்கொண்டிருக்கும், மனம் பதுளையில் இருக்கும்.

புற்றுநோய் இல்லை. "ஆனா விட்டிருந்தா, கொஞ்ச வருசத்தில அதா மாறியிருக்கும்" என்றார் டொக்டர். நான் பொய் சொன்ன அந்த முதல் சோதனையில் இந்த இரண்டும் அவர் கண்ணில் பட்டிருக்காது. மூன்று வருடம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார்: "உங்கட அக்காவின்ர பிள்ளையளும் இதைச் செய்யவேணும்."

தவமணிக்கு நாற்பத்திரண்டு வயது. சொன்னதும், "எனக்கு ஒன்னுமில்ல சின்னம்மா" என்றாள். பிறகு தவணைப் பரீட்சை என்றாள், லீவு இல்லை என்றாள். ஊருக்கே அட்டை எழுதத் தெரிந்தவள். நான் வற்புறுத்தவில்லை. அட்டையை மட்டும் எறியாமல் என் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தேன்.

முன்பெல்லாம் உடம்பு என்றால் எனக்குக் கையும் காலும்தான். வேலை செய்தால் இருக்கிறது, வலித்தால் இருக்கிறது. இப்போது பிள்ளையைத் தூக்கும்போதுகூட, உள்ளே அந்த ரோஜா நிறப் பாதை இருக்கிறது என்று தெரிகிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் என்பதையும் திகதியாக எண்ணுவதில்லை. இன்று தொட்டிலில் கிடப்பவன் ஓடியாடும் நாளில் நான் பதுளைக்கு மறுபடி பஸ் ஏறுவேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தவமணி வந்தாள். நேராகக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை எடுத்தாள். பேனையால் "ஆயாம்மாவுக்கு" என்பதை வெட்டிவிட்டு, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் "தவமணிக்கு" என்று எழுதினாள். குழாயடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளே கொண்டுபோய்த் தொங்கவிட்டாள்.

மத்தியானம் முதல் பக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தேன். வாளியோடு கக்கூஸ் வாசலில் நின்றேன்.

"சின்னம்மா, நிக்கிறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிக்கிறேன்டி" என்றேன். "நீ ஆறுதலாப் போ."