பெடல் தொடாமல் ஒரு ஃபியூக்

மதியம் ஒன்று நாற்பதுக்கு என் மகள் ஷெரின் பியானோவின் வலது பெடலை மிதித்தாள். காலை எடுத்த பிறகும் அது கீழேயே நின்றது. மூன்று மணிக்கு அவளுக்கு டிப்ளமோ தேர்வு. தேறினால்தான் சென்னை இசைக் கல்லூரியில் இடம். அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து.

அது 2007. திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு பள்ளி ஹால்தான் தேர்வு மையம். திருப்பூரில் நான் பியானோ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வீட்டில் கீபோர்டில்தான் பழகுவார்கள். நிஜப் பியானோ, எனக்குத் தெரிந்து, அந்த ஹாலில் மட்டும்தான் இருந்தது.

குனிந்து பார்த்தேன். எண்ணெய் வாடை அடித்தது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் சின்னச்சாமி அண்ணன் முன்பு பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிதிச்சா கிறீச்சுனு சத்தம் வந்துச்சுங்க டீச்சர். வெள்ளக்காரரு பரீட்சை வெக்க வர்றாருன்னு நேத்தே ஆயில் உட்டனுங்க. மெஷினுக்கு ஊத்தறதுங்க, ஒசந்த சரக்கு."

அந்த ஆயில் இரும்புக்கு நல்லது. பியானோவின் மூட்டுகளில் மரமும் கம்பளியும் இருக்கின்றன. அவை எண்ணெயைக் குடித்து உப்பி இறுகிவிட்டன. பெடலைக் கையால் தூக்கினால் மேலே வந்தது; மிதித்தால் மறுபடி மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டினால் எந்தச் சுரமும் அடங்காது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முழங்கும். பியானோவைச் சரிசெய்யும் ட்யூனர் கோவையில் இருந்தார்; அவருக்குப் போன் செய்தேன். உடனே பஸ் ஏறுவதாகச் சொன்னார். மூன்று மணிக்குள் வந்து சேர மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஷெரின் வாசிக்க வேண்டியது நான்கு குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் ஒரு பரோக் ஃபியூக். பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்துக்கு எழுதியது. இந்தக் காலப் பியானோவில் விரல் எட்டாத இடங்களைப் பெடலால் ஒட்டவைப்பவர்கள் உண்டு; நாங்களும் அப்படித்தான் பழகியிருந்தோம். தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்றேன்.

"ஹார்ப்சிகார்டுல ஏதும்மா பெடலு? பென்சில் குடுங்க," என்றாள்.

பெடல் குறித்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். நீண்ட சுரத்தைப் பிடித்திருக்கும் விரலை, கட்டையை விடாமலே வேறு விரலுக்கு மாற்றினாள். எட்டவே எட்டாத இடத்தில், பாடுபவர் மூச்சு இழுப்பதுபோல ஒரு சின்ன இடைவெளி விட்டோம். ஓடும் சுரங்களைப் பிரித்துத் தொட்டாள். நடுக்குரலை மட்டும் சற்று அழுத்தி எடுத்துக்காட்டுவது ஹார்ப்சிகார்டில் முடியாது, பியானோவில் முடியும். அதை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பழக்கத்தில் கால் பெடலுக்குப் போய்விடும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் ஸ்டூலுக்கு அடியில் பின்னிக்கொண்டாள். தேர்வாளர் உள்ளே போனார். கதவு மூடியது.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பெடல் இல்லாமல் ஒரு ஃபியூக்கை முழுவதும் வாசிக்க வந்த பிறகே பிள்ளையைப் பெடலில் கால் வைக்க விடுங்கள்.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஃபியூக்கின் கடைசிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ட்யூனர் டூல் பையோடு மூச்சிரைக்க வந்தார். கதவில் காதை வைத்து முடியும்வரை கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், பெடல் நல்லாத்தானுங்க வேலை செய்யுது. எதுக்குங்க என்னை இந்த ஓட்டம் ஓட வெச்சீங்க?"