அடுக்கத்தில் குரங்குக்கு வந்த கூட்டம்

பழனி மலைத்தொடர் எங்கள் பாலசமுத்திரத்துக்குப் பின்னாலேயே நிற்கிறது. கொல்லையில் நின்றால் தெரியும். ஆனால் கோடைக்கானல் பக்கம் ஏற வேண்டுமென்றால் திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று பஸ் மாறி, ஊரையெல்லாம் சுற்றித்தான் போகவேண்டும். அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் வெள்ளனே கிளம்பினேன். என் தங்கை செல்லம்மாவும் அவள் புருஷன் காளியப்பனும் மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் காடு வெட்டும் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல், உடனே வரவேண்டும் என்று மலையிலிருந்து இறங்கிய லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு மலைப்பாதை ஆகாது. அன்று அது நினைவுக்கே வரவில்லை.

வத்தலக்குண்டில் கோடைக்கானல் பஸ் ஏறினேன். செண்பகனூருக்கு டிக்கெட் இரண்டு ரூபாய். இறங்கி எங்கே போகிறீர்கள் என்று கேட்ட கண்டக்டர், அடுக்கம் என்றதும் கிழித்த டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அங்கிட்டு ஏதோ காச்சலுங்க. கொரங்கும் சாவுதாம், மனுசனும் சாவுறானாம். ரொம்பச் சோலி இருந்தாப் போங்க.”

“தங்கச்சி இருக்காய்யா” என்றேன். டிக்கெட்டைக் கொடுத்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் செண்பகனூர். குளிரில் பல் கிட்டியது. அங்கிருந்து பெரியகுளத்துக்கு இறங்கும் பழைய நடைபாதையில்தான் அடுக்கம். காய்ச்சல்காரர்களைப் பார்க்க அதே வழியில் ஒரு டாக்டரம்மா போய்க்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், தோளில் மருந்துப் பை. கூடவே நடந்தேன்.

ஒரு திருப்பத்துக்குப் பிறகு காடு திடீரென்று முடிந்துவிட்டது. சரிவு முழுக்க வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய சோலையை வெட்டி என்னத்தைக் கண்டார்களோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெட்டியவர்களில் ஒருவன் என் மாப்பிள்ளை என்பது பிறகுதான் உறைத்தது.

“புதுசாக் காய்ச்சல் எங்கிருந்தும்மா வருது?” என்று கேட்டேன்.

“இதோ, இங்கிருந்துதான்” என்று காட்டைக் காட்டினார். “வைரஸ்னு ஒரு கிருமி. குரங்குலயும் உண்ணியிலயும் எத்தனை காலமா இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? நாமதான் இப்ப உள்ள போயிருக்கோம், மாட்டையும் ஓட்டிக்கிட்டு. மைசூர்ப் பக்கத்து மலையில இப்படித்தான் வந்துச்சு. இதுவும் அதேதான்னு நான் சொல்லலை. பிளட் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். ஆனா செத்த குரங்கைத் தொட்டவங்கதான் இங்க படுத்திருக்காங்க. உடம்பு ஆறிப்போனா உண்ணி அதுல இருக்காதுங்க, சூடான உடம்பாப் பாத்து ஏறும்.”

“செத்த குரங்கை எதுக்கும்மா தொட்டாங்க?”

“உங்க ஊர்ல குரங்கு செத்தா என்ன செய்வீங்க?”

எங்கள் ஊரிலும் அப்படித்தான். அனுமார் அல்லவா? மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடை கட்டித் தூக்கிக்கொண்டு போய்த்தான் புதைப்போம்.

கூலிக்காரர்களின் ஓலைக் குடிசைகளை நெருங்கும்போதே செல்லம்மாவின் அழுகை கேட்டது. மாப்பிள்ளை அன்று காலையிலேயே போய்விட்டான். மரத்தடியில் செத்துக் கிடந்த குரங்கை மடியில் போட்டுக் குளிப்பாட்டியவன் அவன்தானாம். குரங்கின் பாடையைத் தூக்கிய நால்வரில் மூவருக்குக் காய்ச்சல். அந்தப் பயத்தில் அண்டை அயலார் எல்லோரும் தூரத்தில் போய் நின்றார்கள்.

“ஏலே, கிட்டப் போகாதீங்க!” என்று யாரோ கத்தினார்.

“இது மனுஷங்ககிட்டருந்து தொத்துற மாதிரி தெரியலைங்க. தாராளமாத் தூக்கலாம், வாங்க” என்று டாக்டரம்மா கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. பயந்தவர்களை நான் எப்படித் திட்டுவது?

செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, கொரங்குக்கு ஊரே கூடி வந்துச்சே. இவருக்கு ஒரு ஆளு வரலியே.”

அவளே மஞ்சள் கரைத்து அவனைக் குளிப்பாட்டினாள். பாடைக்கு ஆள் இல்லை. ஒரு கம்பளியில் வைத்து நானும் டாக்டரம்மாவும் தலைமாட்டைப் பிடிக்க, கால்மாட்டை அவள் பிடித்தாள். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்று சொல்ல அன்று யாரும் கிட்டத்தில் இல்லை. அழக்கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.

மறுநாள் காலை, அவளை அழைத்துக்கொண்டு பெரியகுளம் பக்கமாக இறங்கினேன். பாதி வழியில் ஒரு கூட்டம் எதிரே ஏறி வந்தது. கோடரி, சட்டி பானை, இரண்டு மாடு. கான்டிராக்டர் வரவழைத்த புதுக் கூலியாட்கள்.

செல்லம்மா வழியை மறித்து நின்றாள். “மேல கொரங்கு செத்துக் கெடந்தா தொட்டுராதீங்க. அதுல இருக்க உண்ணி கடிச்சாக் காச்சல் வரும்.”

தலையில் பானை வைத்திருந்த ஒரு பெண் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமியாச்சே தாயி. அப்படியே போட்டுட்டு எப்படிப் போறது? பாவமில்லையா?”

“என் வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு” என்றாள் செல்லம்மா.

அவர்கள் ஒதுங்கி மேலே ஏறினார்கள். நாங்கள் அடிவாரத்துக் கும்பக்கரையைப் பார்த்து இறங்கினோம்.

எங்கள் கொல்லையிலிருந்து மலை இன்னும் தெரிகிறது, மழை பெய்து ஓய்ந்தால் மரம் மரமாகத் தெரியும். செல்லம்மா பாத்திரம் துலக்க உட்காரும்போது மலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள்.