நான் மாற்றிய சொல்

பதுளை பஜாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் டைப் அடிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. வீதிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். பின்னால் நிற்கும் எவரும் திரையில் இருப்பதை வாசிக்கலாம்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர், தன் மேற்படிப்புக்காகக் கையால் எழுதிய பன்னிரண்டு பக்கங்களைத் தந்துவிட்டுப் போனார். ஆங்கில இலக்கியத்தில் ஆண், பெண், ஆசை என்று ஆராயும் இரண்டு நூல்களைத் தமிழில் ஒப்பிட்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் 'பாலியல்' என்று வந்தது. அதை அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 'பாலினம்' என்ற சொல்லும் அதிலேயே இருந்தது. பார்க்க மரியாதையாகத் தெரிந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று எல்லா இடத்திலும் அதையே அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு டீச்சர் வந்தார். நான்கு மணிக்குள் டவுனிலேயே இருக்கும் படிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பிந்தினால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பவும் படிக்க வேண்டும். முதல் பக்கத்தை வாசித்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, முதல் நூல் பாலினத்தைப் பேசுகிறது, இரண்டாம் நூல் பாலினத்தைப் பேசுகிறது, வித்தியாசம் இதுதான்னு இருக்கே. என்னக்கா வித்தியாசம்?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன் டீச்சர்."

"ஆம்பளன்னா இப்படி, பொம்பளன்னா இப்படின்னு ஊரு வச்சிருக்கிறது பாலினம். யாருக்கு யார் மேல ஆசைங்கிறது மத்தது. ரெண்டு பொஸ்தகமும் பிரியுற எடமே அதுதாங்க்கா."

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. பாடம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பில் இருந்தார்.

எல்லாம் ஒரே சொல்லாகிவிட்டதால் ஒரேயடியாக மாற்றவும் வழியில்லை. அவர் கையெழுத்தைப் பார்த்து வாசிக்க, நான் ஒவ்வொரு இடமாகத் திருத்தினேன். கடை நிறைய ஆட்கள். டீச்சரின் குரலும் தாழ்ந்துகொண்டே போனது. 'பால்' என்பதற்கு மேல் கேட்கவில்லை.

"எதுங்க டீச்சர்? இனமா, இயலா?"

அடையாள அட்டையை நகலெடுக்க நின்ற பெரியவர் சிரித்தார். "என்னா புள்ள, பாலு பாலுங்கிறீங்க? பக்கத்துக் கடையில பால்மா பக்கெட்டு இருக்கே!"

டீச்சர் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். நாலாம் பக்கத்தில்தான் நின்றோம்.

"பாலியலா டீச்சர்?" என்று கேட்டேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும். பெரியவர் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அப்படியே கேட்டேன். மூன்றே முக்காலுக்குச் சூடு ஆறாத தாள்களை அள்ளிக்கொண்டு டீச்சர் ஓடினார்.

திங்கட்கிழமை போன் பண்ணினார். நேரத்துக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு இடம் மட்டும் திருத்தாமல் தப்பிவிட்டதாம். ஒப்படைக்கும் வரிசையில் நின்றபோது பேனாவால் வெட்டி எழுதினாராம்.