பதினேழு ஒன்றுகள்

சென்ற வாரம் பழைய பேப்பர்க்காரர் தராசில் கட்டுகளை அடுக்கியபோது பெருங்காய வாசம் வந்தது. செய்தித்தாளுக்கு ஏது பெருங்காயம் என்று பார்த்தால், நடுவில் என் மனைவி ரெஜினாவின் நோட்டு. பள்ளியில் மிஞ்சிய விடைத்தாள்களை அவளே தைத்துக்கொண்டது. அடுப்படி டப்பாக்களுக்கிடையே பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது.

"இதையும் போட்ரவா சார்?"

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் திண்டுக்கல்லில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன்; முனைவர் பட்டத்துக்குப் பின் ஒரு தேற்றமும் எழுதாதவன் என்பதையும் சொல்லிவிடுவதே முறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செம்பட்டியிலிருந்து திரும்பும் பேருந்தில், பொழுது போகாமல் அவளிடம் சொன்னேன்: பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் 11111111111111111 என்ற எண்ணை எந்தப் பகா எண்ணாவது மீதியின்றி வகுக்குமானால், அது முப்பத்து நான்கின் ஏதாவதொரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும்.

"அப்ப வகுத்துப் பாத்துர வேண்டியதுதானே."

"ஆயுசு பத்தாது."

"யாரு ஆயுசு?" என்றாள்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். உலை கொதிக்கும் நேரத்தில் நாளுக்கு இரண்டு, மூன்று எண்கள். இடப்பக்கம் எண், வலப்பக்கம் மீதி. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "என்ன டீச்சரக்கா, பரிச்சைக்கா படிக்கிறீக?" என்பாள். "ஆமா, தெனம் பெயிலாகிட்டிருக்கேன்" என்பாள் இவள். நானும் சிரித்திருக்கிறேன். நோட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் எங்கள் துறைக்கு நல்ல கணினி ஒன்று வந்தது. ஒரு பிற்பகலில் பதினேழு ஒன்றுகளை அதனிடம் கொடுத்தேன். அவளுக்கு உதவி என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைப்பதில்லை. அச்சிட்ட தாளை அடுப்படி மேடையில் வைத்தேன்: 2071723 × 5363222357.

நெடுநேரம் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமாச்சு இதுக்கு?"

"டீகூட ஆறலை."

"சரி. வெஞ்சனம் ஆறுது, சாப்பிட வாங்க."

அதன்பின் அவள் எதையும் வகுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பேப்பர்க்காரர் சென்றதும் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அடுத்து வகுக்க வேண்டிய எண்களை முன்கூட்டியே இடப்பக்கத்தில் எழுதிவைப்பது அவள் வழக்கம் போலும். மீதி எழுதப்படாத வரிகளில் பன்னிரண்டாவதாக, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நின்றது 2071723. நாளுக்கு மூன்று என்றால் நான்கே நாள். என் தாளைப் பார்த்த அந்த நெடுநேரத்தில் அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

நேற்று பென்சில் சீவினேன். விடை தெரிந்தவன் அங்கே ஒரு பூஜ்யம் போட எவ்வளவு நேரமாகும்? பென்சிலை வைத்துவிட்டேன். எனக்கு இப்போது சாப்பாடு மெஸ்ஸிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வருகிறது. உலை கொதிக்கும் அந்த நேரம் இந்த வீட்டில் இல்லை.