செஞ்சியை ஆண்ட வேம்பு

வேம்பு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டிய வயது. வீடு பக்கத்திலேயே, சாரத்தில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு காய்கறி வண்டி தள்ளி மகளை டிப்ளமோ படிக்க வைத்தவர். கணவர் செம்மல் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் பூர்ணிமா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதற்குள் இருந்த விளையாட்டுதான் வேம்புவைப் பிடித்துக்கொண்டது.

அதில் குதிப்பது, ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. திரை முழுக்க ஒரு வரைபடம், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய உலகம். ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆள வேண்டும். வரி போடலாம், படை திரட்டலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். சின்ன அரசுகளைக் கீழே வைத்துக்கொண்டு கப்பம் வாங்கலாம். அவர்களுக்குக் கசப்பு ஏறினால் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள்.

முதல் முறை வேம்பு விஜயநகரத்தை எடுத்து, கண்ணில் பட்ட ஊரையெல்லாம் விழுங்கினாள். ஒரே மாதத்தில் தெற்கு முழுக்கக் கலகம். பேரரசு நாலு துண்டாகக் கிடந்தது. செம்மல் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னா, நம்ம வேன் மாதிரி பார்ட் பார்ட்டா கழண்டுடுச்சு?" என்றார்.

"ஊர புடிக்கிறது ஒரு வேலையே இல்லீங்க. புடிச்ச ஊரு நம்ம கிட்ட தங்கணும். அது எப்படின்னு பார்த்துடுறேன்" என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தாள். பார்த்தும் விட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குள் எந்த அரசை எடுத்தாலும் ஒரு கலகம் இல்லாமல் கடைசி வருஷம் வரை கொண்டுபோகத் தெரிந்திருந்தது.

தனியாக ஆடி அலுத்தபோதுதான் ஞாயிறு மத்தியானம் கூடி ஆடும் ஒரு குழு இணையத்தில் கிடைத்தது. தமிழில் பேசிக்கொண்டே ஆடுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். குழுவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் எமீல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொல்தா. புதுச்சேரி டவுனிலேயே குடியிருப்பவர். அவருடைய அக்கா மகள் நத்தாலி லியோன் நகரில் நர்ஸ். அருள்முருகன் காரைக்காலில் வங்கி வேலை பார்ப்பவன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயதார்த்தத்தைக்கூட ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொண்டவன்.

நாடு பிரித்தார்கள். எமீல் வழக்கம்போல் விஜயநகரம். நத்தாலி போர்ச்சுகல். அருள்முருகன் தன் ஊருக்குப் பக்கம் என்று தஞ்சாவூர். வேம்பு செஞ்சியைக் கேட்டாள்.

"செஞ்சியா?" என்று சிரித்தான் அருள்முருகன். "அக்கா, அது மேப்புல ஒரு பொட்டு."

"பொட்டுதான். ஆனா நடு நெத்தியில இருக்குது. வடக்க இருந்து தெக்க போறவன் எல்லாம் என்னை தாண்டித்தான் போவணும்" என்றாள் வேம்பு.

செஞ்சியும் தஞ்சாவூரும், கம்ப்யூட்டர் ஆட்டிய மதுரையும் விஜயநகரத்துக்குக் கீழே இருக்கும் சிற்றரசுகள். எமீல் கண்டிப்பான சக்கரவர்த்தி. கப்பத்தை ஏற்றிக்கொண்டே போனார். வடக்கே சுல்தான்களோடு சண்டை என்றால் செஞ்சிப் படைதான் முன்வரிசை. சுல்தான்களையும் கம்ப்யூட்டர்தான் ஆட்டியது, அதற்கு ஓய்வே கிடையாது. வேம்பு முணுமுணுக்காமல் கட்டினாள், அனுப்பினாள். இடையில் பாலாற்றுக் கரையில் இருந்த குட்டிப் பாளையங்களுக்கு ஒவ்வொன்றாகத் தூது விட்டாள். ஒருவனுக்கு நெல், ஒருவனுக்குக் குதிரை, இன்னொருவனுக்கு மகளைக் கட்டிக் கொடுத்தாள். ஒரு ஊரையும் அடித்துப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பாளையக்காரர்கள் எல்லாரும் விஜயநகரத்தைவிடச் செஞ்சியைத்தான் நம்பினார்கள்.

ஒரு ஞாயிறு அருள்முருகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க, நானு, மதுரை. மூணு பேரும் சேந்து கிளம்பினா எமீல் மாமா காலி. நத்தாலி கப்பல் தரேங்குது. உங்ககிட்ட தேவனாம்பட்டினம் துறைமுகம் மட்டும் கேக்குது."

"துறைமுகத்தை குடுத்துட்டு விடுதலை வாங்கி இன்னா பண்றது? வாசப்படிய வித்துட்டு வீடு கட்டுற மாதிரி. எமீல் சார் விழுந்தா சுல்தான் நேரா நம்ம மேலதான் வருவான். உனக்கு முன்னாடி நான் இருக்கேன், அடி எனக்குத்தான். நான் வரல, அருளு."

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது என்பது வேம்புவுக்குத் தெரியும். இப்படியே கப்பம் கட்டினால் செஞ்சி என்றைக்கும் பொட்டுதான். வடக்கே மூன்று சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து எமீலின் எல்லைக்குப் படை கொண்டுவந்த அன்று, எமீல் வழக்கம்போல், "செஞ்சி, ரெஜிமென்ட்ட அனுப்பும்மா" என்றார்.

"அனுப்புறேன் சார். அதுக்கு முன்னாடி மூணு விஷயம்" என்றாள் வேம்பு, எல்லாரும் கேட்கும்படியே. "கப்பம் பாதியாவணும். பாலாத்து பாளையங்க எனக்குக் கீழ வரணும். தெக்க யார்கிட்ட வேணும்னாலும் நானே ஒப்பந்தம் போட்டுக்குவேன்."



"இது மிரட்டல்" என்றார் எமீல்.

"மிரட்டணும்னா போன வாரமே சுல்தான் கூட சேந்திருப்பேன். எல்லாரும் இருக்கும்போதுதானே கேக்குறேன் சார்."

"என் ரெஜிமென்ட்ல சிப்பாய் எனக்கு கண்டிஷன் போட்டதில்ல. ஃபினி. முடிஞ்சது." இணைப்பு அறுந்தது.

அடுத்த ஞாயிறு எமீல் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஆளில்லாத விஜயநகரத்தைக் கம்ப்யூட்டரிடம் விட்டு ஆடலாம் என்றான் அருள்முருகன். அப்படி ஆடினால் மூன்று நகர்த்தலில் தெற்கு முழுவதும் தனக்கு வந்துவிடும் என்பதை வேம்பு பார்த்த பார்வையிலேயே கண்டுகொண்டாள். ஆனாலும் வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டரை ஏமாற்றுவதில் அவளுக்கு ருசி போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதோடு, அந்தக் குரல் இல்லாத ஞாயிறு நன்றாகவும் இல்லை.

"அந்த ஆளு தொலைஞ்சா நல்லதுதானே? அடிச்சுடு" என்றார் செம்மல். எந்த நிலைமைக்கும் அவருடைய யோசனை அது ஒன்றுதான்.

"அடிச்சா ஒரு நாடு கெடைக்கும். பேசினா நாடும் கெடைக்கும், ஆளும் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, நத்தாலியிடம் விலாசம் வாங்கி, மறுநாள் வேலை முடிந்ததும் கம்பெனி யூனிஃபார்மோடு ஸ்கூட்டியை டவுனுக்கு விட்டாள்.

கதவைத் திறந்தவர் எமீலின் மனைவி ஜெர்மேன். வேம்பு பேரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீதான் செஞ்சியா? வா வா. ரெண்டு வாரமா இந்த மனுஷன் சோத்துல உப்பு இல்ல, காரம் இல்லன்னு என்னை வாட்டுறாரு. உள்ள போயி ஒரு முடிவு கட்டும்மா."

எமீல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு. டிவியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"உக்காரு. கண்டிஷன வாபஸ் வாங்க வந்தியா?"

"இல்ல சார். மூணும் அப்படியேதான் இருக்குது."

ஜெர்மேன் காபி கொண்டுவந்து வைத்தார். வேம்பு ஒரு வாய் குடித்துவிட்டு, மேசை மேல் இருந்த உப்பு ஜாடியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இது நீங்க. வடக்க இருந்து மூணு பேரு வர்றான். பாளையக்காரங்க உங்களுக்கு இன்னைக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க. அவ்ளோ கசப்பு. நீங்க கப்பத்த ஏத்தும்போதெல்லாம் ஏறினது. எனக்கு அனுப்புவாங்க, ஏன்னா நான் குடுத்திருக்கேன். அவங்கள என்கிட்ட விட்டா, நான் ரெண்டு மடங்கு படையா உங்களுக்குத் திருப்பித் தரேன். நீங்க விடுறது வரி. வாங்குறது படை."

எமீல் உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சண்டைன்னா மொத ஆளா வருவேன். கப்பம் பாதிதான், ஆனா ஒரு வருஷம் தவறாது. மகுடம் உங்களுது. அத நான் கேக்கவே மாட்டேன்."

"அத எப்படி நம்புறது?"

"எனக்கு அது வேணாம் சார். மகுடத்த வச்சிருக்கிறவன் மேலதான் எல்லாரும் பாயுறான். உங்களுக்கே தெரியுமே."

அதைக் கேட்டு ஜெர்மேன் வாய்விட்டுச் சிரித்தார். எமீலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். "கப்பம் பாதி இல்ல. மூணுல ரெண்டு" என்றார்.

"அஞ்சுல மூணு."

"தக்கோர். சரி." கையை நீட்டினார். வேம்பு குலுக்கினாள். பிறகு ஜெர்மேன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு நடந்த போரைக் குழுவில் இன்றும் பேசுகிறார்கள். செஞ்சிப் படைக்குப் பின்னால் பாளையங்கள் எல்லாம் திரண்டு வந்தன. வேம்பு சண்டையை மட்டும் நம்பவில்லை. மூன்று சுல்தான்களில் ஒருவருக்கு இன்னொருவர் மேல் பழைய பகை உண்டு. அவருக்கு ஆள் விட்டுத் தனியாகச் சமாதானம் பேசி முதலிலேயே கழற்றிவிட்டாள். மீதி இரண்டு பேரை எமீல் முன்னால் இருந்தும் அவள் பக்கவாட்டில் இருந்தும் அடித்தார்கள். செம்மல் வேனைக் கழுவப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடி, அடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஒருநாள் அவருடைய யோசனை பொருந்தியது.

ஆனால் படையெல்லாம் வடக்கே இருந்த நேரம் பார்த்து அருள்முருகன் தஞ்சாவூரில் கொடியைத் தூக்கிவிட்டான். நத்தாலியின் கப்பல்கள் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன.

"நான் திரும்பி வந்து அவனை நசுக்குறேன்" என்றார் எமீல்.

"நீங்க வடக்க பாருங்க சார். தெக்க ஒப்பந்தம் என்னுது."

வேம்பு முதலில் நத்தாலியிடம் பேசினாள். துறைமுகத்தைக் கொடுக்க மாட்டேன், ஆனால் தேவனாம்பட்டினத்தில் கடை போட்டுக்கொள்ளலாம், சுங்கத்தில் சலுகை உண்டு, மிளகும் துணியும் முதலில் உங்களுக்குத்தான் என்றாள். நத்தாலி கொஞ்சம் கணக்குப் பார்த்தாள்.

"சண்டை போட்டா எனக்கு ஒரு போர். போடலன்னா சுங்கம் கம்மி. தக்கோர், ஆன்ட்டி, நான் சண்டைல இல்ல" என்றாள் இழுத்து இழுத்து. கப்பல்கள் திரும்பின.

தஞ்சாவூர் தனியானது. செஞ்சிப் படை கொள்ளிடத்தின் வடகரை வரை போய் நின்றது. ஆற்றைத் தாண்டவில்லை. ஆட்டத்தில் வருஷம் ஒன்று போனது, இரண்டு போனது. வியாபாரம் நின்று தஞ்சாவூர் இளைத்தது.

"ஏங்க்கா உள்ள வர மாட்டேங்கிறீங்க? வந்து முடிச்சு விடுங்க" என்றான் அருள்முருகன் கடைசியில். குரலில் அழுகை மாதிரி இருந்தது.

"உன் ஊர நான் எடுத்தா உன் கலகத்தையும் சேத்து எடுக்கணும். எனக்கு எதுக்கு அது? நீயே வச்சிக்க. எமீல் சாருக்கு கட்டினதுல பாதி எனக்கு கட்டு. உன் எல்லையில ஒரு சாண் கூட தொட மாட்டேன். எவனாவது உன் மேல வந்தா நான் வரேன்."

"நான் உங்கள விட்டுட்டு போனேனே?"

"போன. இப்ப வரியா, இல்லியா?"

அவன் வந்தான். வந்தவன் கடைசி வரை போகவில்லை. அவன் கல்யாணத்துக்குக் குழுவில் இருந்த எல்லாருக்கும் பத்திரிகை வந்தது. வேம்புவும் செம்மலும் காரைக்கால் போய் இரண்டு நாள் தங்கி வந்தார்கள்.

ஆட்டம் முடிந்தபோது விஜயநகரம் உடையாமல் நின்றது. முதல் இடம் எமீலுக்கு, இரண்டாவது நத்தாலிக்கு, மூன்றாவது செஞ்சிக்கு. பாலாற்றில் இருந்து காவேரி வரை வேம்புவின் நிறம். அதில் பெரும்பாகம் அவள் பிடித்த ஊர் அல்ல, அவளோடு இருக்கச் சம்மதித்த ஊர். ஆட்டம் முழுவதிலும் அவளுக்குக் கீழே வந்த ஒருவர்கூடக் கொடி தூக்கவில்லை. மூன்றாம் இடத்தைப் பற்றி யாராவது கேட்டால், "போதும். ராத்திரி நிம்மதியா தூங்கின ராஜா நான் ஒருத்திதான்" என்பாள்.

விடுமுறைக்கு நத்தாலி ஊருக்கு வந்தபோது எமீல் வீட்டில் எல்லாருக்கும் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் புது ஆட்டத்துக்கு நாடு பிரிக்கும் பேச்சு வந்தது. வேம்புதான் இந்த முறை விஜயநகரம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

"அப்ப நான் செஞ்சி" என்றார் எமீல் மீசையை முறுக்கிக்கொண்டே. "உனக்குக் கீழ இருந்து பாக்குறேன்."

"செஞ்சி மட்டும் வேணாம் சார்" என்றாள் வேம்பு. "அங்க உக்காந்துகிட்டு இன்னா இன்னா பண்ணலாம்னு எனக்குத் தெரியும்."

அவருக்கு மதுரை கொடுத்தார்கள்.